மன்றத்துக் கோடரி

அமெரிக்காவின் நடுவயிற்றில், கோதுமையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஓர் ஊர். அந்த ஊர் மன்றத்தில் ஒரு மேடை உண்டு. முதலில் அது மேடையே இல்லை, வெறும் தரைதான். பேசுகிறவர் முகம் தெரியவில்லை என்று பின்வரிசையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். நியாயமான குரல். உடனே ஒரு பலகை போடுவார்கள். பிறகு ஒரு நாள் இன்னொரு பலகை. இப்படியே ஏறி ஏறி, மேலே நிற்பவர்களின் தலை உத்திரத்தில் இடிக்கும். அதற்கப்புறம் கீழே யார் என்ன கத்தினாலும் அவர்கள் காதில் விழாது. அப்போது எவனாவது கோடரியோடு வருவான். மேடை விறகாகும். ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொள்ளும்.

இந்த முறை வந்தவன் ஹார்லன். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி. தானியக் கிடங்குக்காரர்களும் ரயில் கம்பெனி வக்கீல்களும் மேடையில் நின்றபடி தங்களுக்குள்ளேயே விலை பேசி முடிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன். நேற்று மாலை அவன் கோடரியை ஓங்கியதும் மேடையில் நின்றிருந்த பெரியவர் ப்ரெஸ்காட் தொப்பியைக்கூட விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது.

ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. விடிந்தும் விடியாததுமாக, கோடரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தன் குரு தபிதா அம்மாளின் வீட்டுக்குக் கிளம்பினான். வயலெல்லாம் மூடுபனி. நடக்க நடக்கக் கோதுமையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. தூக்கம் கெட்ட கண்ணுக்கு ஊர் முழுவதும் இன்னும் கனவுக்குள்ளேயே கிடப்பதாகத் தோன்றியது.

தபிதா அம்மாளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தார். பனியில் கோழிகள் தெரியவில்லை, கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வா ஹார்லன். தோள்ல தூக்கினாங்களாமே?"

"ஆமாம்மா."

"எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது" என்றான். சொல்லவே கூச்சமாக இருந்தது.

"சாக்குல என்ன?"

"கோடரி. இனிமே இது தேவைப்படாது. நீங்களே வெச்சுக்குங்க."

அவர் சாக்கைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார். "தேவைப்படாதுன்னா நிம்மதியா தூங்கியிருக்கலாமே?"

ஹார்லன் அங்கேயே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என் அக்கா மார்த்தா பின்வரிசையில இருந்தாம்மா. அவளுக்கு முழங்கால் போயிடுச்சு, எழுந்து நிக்க முடியாது. மேடையை உடைச்சுட்டு நான் தரையில நின்னு பேசிட்டிருக்கேன், 'ஹார்லன், உன் முகமே தெரியலைடா'ன்னு கத்தறா. யாரோ ஒரு பெட்டியைத் தள்ளி விட்டாங்க. ஏறி நின்னேன்."

"சரி."

"அப்புறம் இறங்க மனசு வரலை."

கோழிகள் கொத்திக்கொண்டே இருந்தன.

"இன்னிக்குச் சாயங்காலம் தச்சர் வர்றாரு. பலகை போடவா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். போட்டா நானும் ஒரு ப்ரெஸ்காட் ஆயிடுவேன். போடலைன்னா என் அக்காவுக்கே நான் தெரிய மாட்டேன். நான் என்னதான் செய்யறது?"

தபிதா அம்மாள் தீனிக் கூடையைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த வைக்கோல் கொட்டகையை நோக்கி நடந்தார். ஹார்லன் பின்னாலேயே போனான்.

கொட்டகைக்குள்ளும் பனி புகுந்திருந்தது. அவர் மேலே கை காட்டினார். கூரைக்குச் சற்றுக் கீழே, ஏணி வைத்தாலொழிய எட்டாத உயரத்தில், சுவரில் வரிசையாகக் கோடரிகள் தொங்கின. சில துருவேறிக் கறுத்திருந்தன.

"யாரோடதும்மா இதெல்லாம்?"

"அந்தக் கடைசியில இருக்கிறது ப்ரெஸ்காட்டோடது."

"அவரா! அவர் கோட்டு போட்ட மனுஷனாச்சே!"

"அப்போ கோட்டு இல்லை. சாக்குல சுத்திட்டுதான் வந்தார். என் குரு இருந்த காலம். இனிமே தேவைப்படாதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனார்."

"அதுக்குப் பக்கத்துல?"

"ப்ரெஸ்காட் யாரை விரட்டினாரோ, அவரோடது."

ஹார்லன் அதற்கு அடுத்ததைப் பற்றிக் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் ஏன் இவ்வளவு உயரத்துல மாட்டியிருக்கீங்க?"

"அவங்க கேட்டுக்கிட்டதுதான். யார் கைக்கும் எட்டக் கூடாதுன்னு."

வெளியே எங்கோ தூரத்தில் ரயில் ஊதியது. பனியில் அது எந்தத் திசையில் போகிறது என்று தெரியவில்லை. ஹார்லன் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"நீ எதுக்காகக் கொண்டு வந்தே?" என்றார் தபிதா அம்மாள். குரலில் கடுமை இல்லை.

"பயம்மா" என்றான். "நேத்து ராத்திரி பக்கத்துப் பண்ணைப் பையன் இதை ஒரு மாதிரி பார்த்தான். எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. நேத்துதான் தூக்கினாங்க, அதுக்குள்ள எனக்கு இப்படியொரு பயம்." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அவமானம் பிடுங்கித் தின்றது.

"பலகையைப் போடச் சொல்லு."

"மறுபடியும் வளருமேம்மா!"

"வளரும்."

"அப்போ நான் உடைச்சதெல்லாம் வீணா?"

"உன் அக்கா எத்தனை வருஷம் கழிச்சு மன்றத்துல வாயைத் திறந்தா?"

ஹார்லன் யோசித்துப் பார்த்தான். மேடை உயரமாக இருந்த நாளில் மார்த்தா பேசியதாக அவனுக்கு நினைவே இல்லை.

"வீணில்லை" என்றான் மெதுவாக. சாக்கை அவரிடம் நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் வாங்கிக்க மாட்டேன். இந்தச் சுவர்ல இடம் இல்லை."

அவன் அண்ணாந்து பார்த்தான். தாராளமாக இடம் இருந்தது.

"வேற எங்கேம்மா வைக்கறது?"

"மன்றத்துலயே மாட்டு."

"மேடைக்குப் பின்னாலயா? என் முதுகுக்குப் பின்னாடி, பத்திரமா?"

"பின்வரிசைச் சுவர்ல."

பின்வரிசைச் சுவரை ஹார்லனுக்குத் தெரியும். பேசுகிறவன் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிற சுவர் அது. பேசி முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்க வேண்டும்.

சாக்கைப் பிரித்தான். கோடரியின் பிடி இன்னும் புதிதாகவே இருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல்வரை போனவன், பனிக்குள் கால் வைக்குமுன் திரும்பினான்.

"எவ்வளவு உயரத்துல மாட்டணும்மா?"

"உன் அக்கா உட்கார்ந்தபடியே கையை நீட்டினா எட்டற உயரத்துல."