எல்லைக்கல்லுக்கு அடியில் ஒரு படி உப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் கடைசியில்தான் தருவேன். அவசரப்பட்டுக் கேட்டால் அதுவும் கிடையாது.

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைக் கோதண்டமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் 'ஆம்' என்பான். கஞ்சி குடித்து வாய் துடைப்பதற்குள் 'இல்லை' என்பான். அவன் சபையில் பட்டாபிராயர் என்றொரு பிரபு. அமைச்சர் திருமேனியாரை யாராவது புகழ்ந்தால் அவருக்கு வயிறு எரியும்.

ராயர் நிலத்துக்குப் பக்கத்து நிலம் சடையாண்டியுடையது. ஒருநாள் பார்த்தால், நடுவிலிருந்த எல்லைக்கல் பத்தடி நடந்துவந்து, சடையாண்டியின் நாரத்தை மரத்தையும் தாண்டி நின்றது! அது அவன் மனைவி பூவாத்தாள் நட்ட மரம். அவள் இறந்துபோன பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மத்தியானக் கஞ்சியை மட்டும் அந்த நிழலில் உட்கார்ந்து, அவளிடம் ஊர்ச்சேதி சொல்லிக்கொண்டே குடிப்பான்.

"மண்ணை அவரே வச்சுக்கட்டும், மகாராஜா. மரம் மட்டும்…" என்று சபையில் கைகூப்பினான் சடையாண்டி. கல் பாட்டன் காலத்திலிருந்து அங்கேயேதான் நிற்கிறது என்று ராயர் சாதித்தார்.

"மரத்தை வெட்டி ஆளுக்குப் பாதி!" என்றான் அரசன்.

"ஆகட்டும் மன்னா," என்றார் அமைச்சர். "அதற்குமுன் கல்லையே கேட்டுவிடுவோம். எல்லைக்கல் நடும்போது அடியில் ஒரு படி உப்புப் போடுவார்களே, தோண்டிப் பார்க்கலாம். உப்பு இருந்தால் கல் நகரவில்லை."

"உப்பா? சாமி, அது…" என்று சடையாண்டி வாயெடுத்தான். அமைச்சருக்குப் பெரிய இருமல் வந்துவிட்டது.

"இப்போதே தோண்டு!"

"இன்று அமாவாசை, மன்னா. மண்ணைத் தொடக்கூடாது."

"அப்படியானால் நாளை! பொய் சொன்னவன் கல்லைத் தலையில் சுமக்கட்டும்!"

மறுநாள் தோண்டினார்கள். வெள்ளை வெளேரென்று உப்பு! அரசன் தொட்டு நக்கினான். "உப்பேதான்!"

"என் பாட்டனார் கையால் போட்டது, மன்னா! அறுபது வருஷம்!" ராயர் மீசையை முறுக்கினார். சடையாண்டி விடைபெறுகிறவன் போல மரத்தைத் தடவினான்.

"ராயரே, போன ஐப்பசியில் இங்கே மழை எப்படி?" என்றார் அமைச்சர்.

"அதை ஏன் கேட்கிறீர்! பதினெட்டு நாள் விடாத அடைமழை. இந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்!"

"சடையாண்டி, நேற்று என்னவோ சொல்ல வந்தாயே?"

"கல்லுக்கு அடியில கரிதான் போடுவோம், சாமி. உழுகிறவனைக் கேட்டாத் தெரியும். உப்புப் போட்டா மழையில கரைஞ்சிரு…"

சொல்லி முடிக்கவில்லை, அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பூவாத்தாள் போன பிறகு முதல் சிரிப்பு. மரத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்பதுபோலச் சிரித்தான்.

ராயர் காய்ந்த உப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். அவர் கை மெல்ல மேலே போய், தலைப்பாகையை அவிழ்த்துக் கல் சுமக்கச் சும்மாடு சுற்றத் தொடங்கியது.