தவிட்டுக்குருவிகளின் மேல்கிளைக் காவல்

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த நாளில், ஒரு வல்லூறு உடைமரத்தில் வந்து உட்கார்ந்தது. "இனிமேல் நான் குருவிகளைத் தொட மாட்டேன். ஓணானும் வெட்டுக்கிளியும் எனக்குப் போதும்" என்றது.

கீழே சருகு கிளறிக்கொண்டிருந்த ஏழு தவிட்டுக்குருவிகளில் ஆறு கூத்தாடின. ஏழாவது மாடத்தி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு இரை செரிக்காது.

"அண்ணாச்சி, மழை பொய்த்து ஓணானும் வெட்டுக்கிளியும் அற்றுப்போனால் என்ன தின்பீங்க?"

வல்லூறு யோசித்தது. "அப்படி ஒரு காலம் வராது தாயி." மனதாரத்தான் சொன்னது.

மூத்தவள் அங்கம்மா மாடத்தியைக் கொத்தினாள். "உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா? எங்களோடு சேராதே, போ!"

மாடத்தி மேல்கிளையில் தனியே இருந்தாள். மற்றவர்கள் புதரை விட்டு வெட்டவெளியில் மேய்ந்தார்கள். வல்லூறு இன்றைக்கு எத்தனை ஓணான் பிடித்தது, எங்கே பிடித்தது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மழைக்காலம் அது சொல் தவறவில்லை. 'நான்தான் தப்போ' என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் வருஷம் மழை இல்லை. ஓணான் குறைந்தது, பிறகு அறவே இல்லை. ஒரு நண்பகலில் வல்லூறு தரையைத் தேடவில்லை. அங்கம்மாவின் குஞ்சுகளையே பார்த்தது.

மாடத்தி அலறினாள். எல்லோரும் முட்புதருக்குள் பாய்ந்தார்கள். வல்லூற்றின் நகத்தில் புழுதிதான் சிக்கியது.

"அன்றைக்கு நான் சொன்னது சத்தியம்தான், மாடத்தி" என்றது அது, மூச்சு வாங்கியபடி.

"தெரியும் அண்ணாச்சி. உங்களை நான் சந்தேகப்படவில்லை. பசி வந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்டேன்."

வல்லூறு பறந்துபோனது.

அங்கம்மா தலை குனிந்து வந்தாள். "இனி எப்போதும் நீயே மேலே இரு, தங்கச்சி. இரையை நாங்கள் கொண்டுவருகிறோம்."

"மாட்டேன் அக்கா. இப்போதே எனக்கு மேகம்கூட வல்லூறாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் காற்றுக்கெல்லாம் கத்துவேன். நீங்களும் காதில் வாங்க மாட்டீர்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் மேலே இருந்து பயப்படுவோம். மீதி நேரம் நிம்மதியாகக் கரையான் தின்போம்."

முதலில் அங்கம்மாவே ஏறினாள். "அடியே, இங்கிருந்து இவ்வளவு தெரியுமா!" என்று கூவினாள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் இரை கிளறும்போது ஒருத்தி மட்டும் தின்னாமல் மேல்கிளையில் இருக்கிறாள். அவள் இறங்கினால் இன்னொருத்தி ஏறுகிறாள், வானத்தில் ஒன்றுமே இல்லாத நாளிலும்.