காகிதப்பூவும் மூன்று இடுப்பும்

எங்கள் வீட்டில் யாருக்கும் புத்தி குறைவு என்று சொல்ல முடியாது. இருந்தால்தானே குறைவதற்கு? அண்ணன் ஏகாம்பரம், தம்பி கோதண்டம், நடுவில் நான். கடைக்குட்டியாக ஒரு தங்கை, பூங்கோதை.

வாசலில் ஒரு காகிதப்பூ மரம். அழகுக்கு வைத்தது. அதன்மேல் யாரும் கத்தி வைக்காததால் மொட்டைமாடி வரை ஏறி வீட்டையே மூடிவிட்டது. போன தை மாதம் பூங்கோதையைப் பெண் பார்க்க வந்தவர்கள், அண்ணன் சொன்ன அடையாளப்படி மரத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வீடு இருப்பதுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குள் போய், பஜ்ஜி சாப்பிட்டு, அங்கிருந்த பெண்ணைப் பிடித்துப்போய் நிச்சயமும் செய்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது நாங்கள்தான்.

இப்போது மறுபடி ஒரு வரன். "இதுவும் கைநழுவிப் போச்சுன்னா, காலம் பூரா உங்க மூணு பேருக்கும் சோறு பொங்கிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்" என்று பூங்கோதை அழுதாள். எங்களுக்கும் அழுகை வந்தது. அவள் சமையல் அப்படி.

நர்சரிக்காரரிடம் யோசனை கேட்டோம். "பயப்படாம இடுப்பளவுக்கு வெட்டிடுங்க. தன்னால தழைச்சுக்கும்" என்றார்.

மறுநாள் காலை அரிவாளோடு நின்றோம். கோதண்டத்துக்கு முள் என்றால் பயம். பயப்படாமல்தானே வெட்டச் சொன்னார்? அவன் பயம் தெளியட்டும் என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அண்ணன் கேட்டார்: "இடுப்பளவு சரி. யார் இடுப்பளவு?"

"நீங்கதான் மூத்தவர். உங்க இடுப்புதான் முறை" என்றேன்.

"என் இடுப்பு கோதண்டத்துக்குக் கழுத்துடா. அவன் மனசு கஷ்டப்படாதா?"

"அப்ப சின்னண்ணன் இடுப்பு?" என்றான் கோதண்டம்.

இருவரும் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "இவனுக்கு இடுப்பே இல்லையேடா" என்றார் அண்ணன் கவலையாக. உண்மைதான். நான் பீப்பாய் மாதிரி.

மரம் அடியிலேயே மூன்று தண்டாகப் பிரிந்திருந்தது. ஆளுக்கொரு தண்டு என்று முடிவாயிற்று. அண்ணன் தண்டு அவர் இடுப்பளவு, தம்பி தண்டு அவன் இடுப்பளவு. இல்லாத இடுப்புக்கு எவ்வளவு விடுவது? என் தண்டைத் தரையோடு வெட்டினோம். வீடு பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்கே பெருமையாக இருந்தது.

பெண் பார்க்கும் நாளில் போன் வந்தது. "தெருவையே சுத்திச் சுத்தி வர்றோம். நீங்க சொன்ன காகிதப்பூ மரத்தைக் காணோமே?"

அண்ணன் இந்த முறையும் பழைய அடையாளத்தையே சொல்லியிருந்தார். "இருக்குங்க, நல்லாப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன செய்வீங்களோ தெரியாது. அவங்க வர்றப்போ வாசல்ல மரம் இருக்கணும்!"

வெட்டிப் போட்ட கிளைகளை ஆளுக்கொரு கட்டாகத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, வாசலை அடைத்து நின்றோம். முள் குத்தியது. "மரம் கத்தாது" என்றார் அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டோம்.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் இறங்கினார்கள். "மரம் இருக்கு, வீட்டைக் காணோமே. பக்கத்து வீட்ல கேப்போமா?" என்றார் அப்பா. 'வீடு இதுதாங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மரம் எப்படி வழி சொல்லும்?

மாப்பிள்ளை எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வீடு பின்னாடி இருக்கும்ப்பா. மரம்தான் மறைக்குது. அரிவாளும் இங்கயே கிடக்கு, நானே வெட்டிடறேன்."

"இடுப்பளவுக்கு வெட்டு, தழைச்சுக்கும்" என்றார் அப்பா.

அரிவாளை ஓங்கிய மாப்பிள்ளை அப்படியே நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"யார் இடுப்பளவுக்குப்பா?"

எங்களுக்குப் பின்னால் ஜன்னலிலிருந்து பூங்கோதை கத்தினாள்: "அண்ணே, எனக்குச் சம்மதம்!"

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை தன் இடுப்பைத் தொட்டு அளந்துகொண்டு அரிவாளோடு நெருங்கினார். நாங்கள் அசையவில்லை. காற்றே இல்லாதபோது மரம் எப்படி அசையும்?