திருடனைக் கண்ணால் பார்த்த கதை

மொச்சிக்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைச் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அதுதான் தொல்லை.

அந்த வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் படிக்க அவர்களுக்கு ஒரு புதுக்கதை வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மேடை பக்கத்து ஊரான ஆலடிப்பட்டிக்குப் போய்விடும். எழுதும் பொறுப்பு மூன்று பேருக்கு. பேனா வைத்திருந்தவர் கொம்பையா. காகிதம் வைத்திருந்தவர் மாயாண்டி. சும்மா இருந்தவன் சுடலைமுத்து.

டவுனில் ஓர் எழுத்தாளரிடம் யோசனை கேட்டார்கள். “கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கதைக்கு உயிர் வரும்” என்றார் அவர்.

கொம்பையா எழுதினார்: “ஊருக்குள் ஒரு திருடன் நுழைந்தான்.”

“நீரு பாத்தீரா?” என்றார் மாயாண்டி.

“இல்லையே.”

“அப்போ அடியும்.”

அடித்தார். மொச்சிக்குளத்துக்குத் திருடன் வந்ததே கிடையாது. வெகுநேரம் யோசித்து, சுடலைமுத்துவையே திருடச் சொன்னார்கள்.

“ராத்திரி வரட்டுமாண்ணே?”

“இருட்டுல வந்தா நாங்க எப்படிலே பாக்க?” என்றார் கொம்பையா. “மத்தியானம் என் வீட்டுக்கு வா. உன் வீட்டுல சாப்பிட்டுட்டு வா. திருடனுக்கு நான் சோறு போட்டா கதை கெட்டுரும்.”

கொடையன்று உச்சிவெயிலில் திருடன் வந்தான். கொம்பையா வீட்டு அண்டாவைத் தூக்க முடியாமல் திணறினான். கொம்பையாவே ஒரு கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட்டார்.

“பாத்து ஓடுலே. நெளிஞ்சிரப் போகுது.”

அவன் ஓட, மற்ற இருவரும் எழுதிக்கொண்டே துரத்தினார்கள்.

“ஏலே, மெதுவா! எழுத்து கோணுது!”

குளத்துக்கரைத் திருப்பத்தில் திருடன் மறைந்தான். கொம்பையா பேனாவை மூடினார்.

“இதுக்கு மேல நாம பாக்கலைவே.”

“ஆமா, கதை உயிரோட இருக்கும்போதே நிப்பாட்டிருவோம்.”

இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் கொம்பையா மேடையேறிப் படித்தார். திருடன் திருப்பத்தில் மறைந்ததும் காகிதத்தை மடித்தார்.

“அப்புறம்?” என்றது கூட்டம்.

“தெரியாது.”

ஆலடிப்பட்டி நாட்டாமை துண்டை உதறி எழுந்தார். “முடிவு இல்லாதது ஒரு கதையா? மேடையை விட்டு இறங்கும்!”

“பொறும்வே. போய்ப் பாத்துட்டு வந்துருதோம்.”

மொச்சிக்குளமே கிளம்பியது. ஆலடிப்பட்டிக்காரர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்கள்.

திருப்பத்தில் சுடலைமுத்து, தலையில் அண்டாவோடு, ஒரு காலை முன்னால் வைத்து அசையாமல் நின்றான்.

“ஏம்லே ஓடலை?”

“யாரும் பாக்காம ஓடி என்ன பிரயோசனம்ணே?”

“இப்போ ஓடு!”

ஓடினான். ஊரே துரத்தியது. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“மூஞ்சியைப் பாக்காம எப்படிவே எழுத?” என்றார் மாயாண்டி.

அதுவும் நியாயம்தான். எல்லோரும் திருடனைத் தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடினார்கள். அப்படியே குளத்தைச் சுற்றிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“ஐயோ! ஒத்தை ஆளு ஊரையே தொரத்துதானே!” என்று அலறிய நாட்டாமை மேடையிலிருந்து குதித்தார். அவருக்குப் பின்னால் ஆலடிப்பட்டி மொத்தமும் ஓடிப்போனது.

மேடை மொச்சிக்குளத்துக்கே மிஞ்சியது. கொம்பையா மூச்சு வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“மாயாண்டி, கதை பூராத் தப்பு. நாம திருடனைத் தொரத்தலை. திருடன்தான் நம்மளைத் தொரத்தினான்.”

“எதுக்குவே தொரத்தினான்?”

கொம்பையா சுடலைமுத்துவின் தலையை உற்றுப் பார்த்தார்.

“வேற எதுக்கு? அண்டாவைத் திருப்பிக் குடுக்கத்தான்.”

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“அடப் பாவிகளா! இவ்வளவு நல்ல திருடனைப் பாத்தா நாம பயந்து ஓடினோம்?”