நாடா வச்ச வெள்ளைச் சட்டை

ஒரு ஊர்ல ஒரு கோமு இருந்தா. ரெண்டு பிள்ளைக்குத் தாயி. கையும் காலும் ஒரு இடத்துல நிக்காது அவளுக்கு, உன்னைய மாதிரியேதான். காலைப் போர்வைக்குள்ள இழு. நீ ‘ம்’ போட்டாத்தான் கதை நகரும், ஆமா.

ம்... அப்படிச் சொல்லு.

ஒரு நாள் கோமு வீட்டை ஒழிக்க ஆரம்பிச்சா. பீரோவைத் திறந்தா பொதபொதன்னு பிள்ளைங்க துணி தலையில விழுது. எல்லாம் முழங்கைக்கு மேல நிக்குற சட்டை, இடுப்புல ஏறாத பாவாடை. கட்டிலுக்குக் கீழ கையில்லாத பொம்மை, சக்கரம் போன பஸ்சு. பிள்ளைங்க “குடுக்காதம்மா”ன்னு காலைக் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. இவ கேப்பாளா? தெருவுல பழந்துணிக்குப் பாத்திரம் குடுக்குற பாத்திரக்காரர் குரல் கேட்டதும் மூட்டையை இழுத்துக்கிட்டு தடதடன்னு ஓடினா.

அவர் துணியெல்லாம் பாத்துட்டு ஒரு இட்லிக் கொப்பரையை எடுத்து வச்சாரு. இவ மூடி எங்கன்னு கேட்டா. மூடி வேணும்னா இன்னும் நாலு துணி போடுங்கன்னாரு. அப்போ இவ என்ன செஞ்சா? உள்ள ஓடி, பரண்ல இருந்த மஞ்சப்பையை எடுத்து, என்ன ஏதுன்னு பிரிச்சுக்கூடப் பாக்காம விசுக்குன்னு மூட்டையில போட்டா. மூடி வந்துச்சு. மஞ்சப்பை போச்சு.

அப்புறம் மூணாம் நாள் காலையில போன் அடிச்சுது. தங்கச்சி ஆவுடை ஆஸ்பத்திரியில இருந்து பேசுறா. பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு. “அந்தச் சட்டையைக் கொண்டா அக்கா. அதைத்தான் முதல்ல போடணும்”னா.

கோமு பரணை நிமிந்து பாத்தா. அந்தச் சட்டை மஞ்சப்பையிலல்லா இருந்துச்சு! பொத்தான் கிடையாது, நாடா வச்ச வெள்ளைச் சட்டை. இவ பிள்ளை ரெண்டும் முதல்ல போட்டது அதைத்தான். பொறந்த பிள்ளைக்குப் புதுசு போட மாட்டோம்லா? நல்லா வளந்த பிள்ளை போட்டுக் கழிச்ச பழசுதான் போடுவோம். ஆவுடை தலைப்பிள்ளைக்கு ஆசைப்பட்டுக் கடையில புதுசு வாங்கிப் போட்டா. அந்தப் பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்துச்சு. சட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மான்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. பெத்த மனசு கேக்கணுமே. ரெண்டு வருசமா தன்னையே வைதுக்கிட்டுக் கிடந்தா பாவி.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

கோமு செருப்பு மாட்டினாளோ இல்லையோ, விறுவிறுன்னு பாத்திரக்காரர் வீட்டுக்குப் போனா. அவரு, நல்ல துணியை நான் வச்சுக்குவேன் தாயி, பழைய பருத்தியெல்லாம் சந்தைக்கடைக்குப் போயிட்டுதேன்னாரு. அப்போ சந்தைக்கடைக்கு ஓடினா. மூச்சு இரைக்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. கடைக்காரரு, பருத்தித் துணியைக் கை துடைக்க மெக்கானிக் அள்ளிட்டுப் போயிட்டாரேன்னாரு. கை துடைக்கவான்னு இவளுக்கு அழுகையே வந்துட்டுது.

அப்புறம் மெக்கானிக் கடை. டர்ர்ர்னு வண்டி சத்தம். ஒரு டிரம்மு நிறைய கிரீசு அப்பின கந்தல். கோமு கையை உள்ள விட்டு ஒவ்வொண்ணா உதறினா. மக பாவாடை கறுப்பா வருது, மகன் பனியன் கறுப்பா வருது. சட்டை மட்டும் வரல. மெக்கானிக் மெதுவா என்ன தேடுறீங்கன்னு கேட்டாரு. இவ சொன்னதும் அவர் முகம் மாறிப்போச்சு. அந்தச் சட்டையில கை துடைக்க மனசு வரல, வீட்டுல எட்டு நாள் பிள்ளை இருக்கு, அதுக்குத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்னு பின்னாடி வீட்டைக் காட்டினாரு.

அங்க அவர் சம்சாரம் ஜைத்தூன் பிள்ளையை மடியில போட்டிருக்கா. பிள்ளை மேல அந்தச் சட்டை! கோமு விசயத்தைச் சொன்னதும் அவ நாடாவை அவுக்கக் கை வச்சுட்டா.

கோமு அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. “அவுக்காத தாயி. பிள்ளை போட்ட சட்டையை நான் பிடுங்கிட்டுப் போனா அது எனக்கே ஆகாது.”

சொல்லிட்டா. ஆனா தங்கச்சி முகத்துல எப்படி முழிக்க? நிக்கவும் முடியல, போகவும் முடியல. அப்போ ஜைத்தூன் உள்ள போயி, நிறம் போன ஒரு ரோஸ் சட்டையை எடுத்துட்டு வந்தா. மூத்தவ பொறந்தப்போ போட்டது, ஒரு நாள் காய்ச்சல்னு அவ படுத்ததில்லக்கான்னு சொல்லி நீட்டினா. அந்த மூத்தவ வாசல்ல திடுதிடுன்னு ஓடிக்கிட்டிருந்தா.

அப்புறம் கோமு ஆஸ்பத்திரிக்குப் போயி எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னா. தப்பு என்மேலதான்னு அழுதா. பிள்ளை பழஞ்சேலைத் துண்டுல சுத்திக் கிடந்து வீல்னு கத்துது. ஆவுடை அந்த ரோஸ் சட்டையை ரொம்ப நேரம் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் அவளே பிள்ளைக்குப் போட்டு விட்டா.

“இதைப் போட்ட பிள்ளை பேரு என்ன?”ன்னு கேட்டா.

கோமுவுக்கு ஓடின ஓட்டத்துல பேரைக் கேக்கணும்னு தோணவே இல்ல.

“நாளைக்குப் போயிக் கேட்டுட்டு வா அக்கா,”ன்னா ஆவுடை. “என் பிள்ளைக்கு, இதைப் போட்ட அவ அக்கா பேரு தெரியணும்லா.”

கதை ஆச்சு, என் வாயும் ஓய்ஞ்சாச்சு. ம் வேண்டாம் இனி, கண்ணை மூடு.