அறுபத்து நாலு கிலோ

மூன்றாம் வளைவில் கார் சுழன்றது. இந்த வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

மூன்று தடவை சுழன்றால் அந்த வருஷம் முழுக்க உள்ளே விடமாட்டார்கள். கிளப்பின் சட்டம். டாக்டரானாலும் சரி, மில் முதலாளியானாலும் சரி.

இவர் பல் டாக்டர். பெயர் தெய்வசிகாமணி. ஊர் பொள்ளாச்சி, வயது ஐம்பத்தேழு. மாதத்தில் ஒரு ஞாயிறு கோயமுத்தூர்ப் பக்கம் ஓட்டப் பாதைக்குப் போய்த் தன் சிவப்புக் காரை விரட்டுவார். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சொந்தக் கார், சொந்த ஆசை.

அந்த ஒரு ஞாயிறு இல்லாவிட்டால் மாதம் முழுக்க அவருக்குப் பிறத்தியார் வாய்தான்.

திங்கட்கிழமை காரை ஷாஹிதாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

ஷாஹிதாவுக்கு முப்பத்தொரு வயது. கார் எப்படி நிற்கிறது, எப்படிச் சாய்கிறது, எப்படி நிமிர்கிறது, இது மட்டும்தான் அவருடைய வேலை. எஞ்சினைத் தொடமாட்டார். ஓட்டப் பாதையில் நரைத்த தலைகள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

"மாஸ்டர், கார் சுத்துதுங்க."

"எங்க?"

"மூணாம் வளைவு. பிரேக் பிடிச்சதும் வலது பக்கமா இழுக்குது. ரெண்டு தடவை சுத்தியே போச்சு."

"எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்து."

"ஜூன்ல இருந்து என்ன மாத்தினீங்க?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே வந்தவர் போல.

"பிரேக் டிஸ்க் பெருசாப் போட்டேன். பேட் புதுசு. பிரேக் ஆயில் கொதிக்காத ரகம். டயர் நாலும் புதுசு. ரோட்டுல பசை மாதிரி ஒட்டும் பாருங்க, அந்த ரகம். இனி பின்னாடி ஒரு றெக்கையும் வெச்சு, ஸ்பிரிங்கும் கெட்டியாப் போட்டுட்டா..."

"ஒரு பல்லு வலிச்சா வாய் பூரா தங்கப் பல்லு கட்டுவீங்களா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"மாத்தினது இருக்கட்டும். கழட்டினது என்ன?"

ஓட்டப் பாதைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் நோய் அது. எடை குறைந்தால் வேகம் கூடும். உண்மைதான். அதனால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குள் இறங்குவார்கள். எங்கே நிறுத்துவது என்று எவருக்கும் தெரியாது.

"ஸ்டெப்னி, ஜாக்கி, ரெண்டும் சேர்த்துப் பதினஞ்சு கிலோ. தரை விரிப்பு எட்டு. ஸ்பீக்கர் ஆறு. ஏசி இருபத்திரண்டு."

"வெயில்ல வேகறீங்க."

"வேகறேனுங்க. நேரம் கொறையுதே."

"அப்புறம்?"

"இடது பக்கச் சீட்டு. பதினெட்டு."

"அதுல உட்கார்ந்திருந்தது?"

டாக்டர் காரின் இடது பக்கம் பார்த்தார்.

"அறுபத்து நாலு."

மாஸ்டர் எழுந்து போய் நாலு தட்டைத் தராசுகளைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துக் காரை அதன்மேல் ஏற்றினார்.

"உட்காருங்க. எப்பவும் போல."

டாக்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நாலு எண்கள் வந்தன. மாஸ்டர் பார்த்தார்.

"எறங்கிக் கீழ வாங்க."

இருவரும் காருக்கடியில் குனிந்தார்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் கீழே ஒரு வளையம். திருப்பினால் அந்த மூலை ஏறும், இறங்கும். வளையத்தின்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நீங்கதான். பொங்கல் முடிஞ்சு."

"நகர்ந்திருக்கா?"

"இல்லீங்க."

"அன்னைக்குத் தராசு வெச்சப்போ கார்ல யாரு?"

"நானும் கலாவும். நீங்கதானே ரெண்டு பேரையும் உட்காரச் சொன்னீங்க."

"ரெண்டு பேராத்தானே வந்தீங்க."

டாக்டர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் ரெண்டு சக்கரமும் லேசா நிக்குது. பிரேக் பிடிச்சா வலது பக்கம் தரையைப் பிடிக்குது, இடது பக்கம் வழுக்குது. சுத்தாம என்ன பண்ணும்? கார்ல தப்பில்ல டாக்டர். அது ரெண்டு பேருக்கு நிக்குது."

மாஸ்டர் வளையம் திருப்பும் ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

"ஒருத்தருக்கு வெச்சுக்கலாம். நாலு வளையம். ஒரு மணி நேர வேலை. திருப்புங்க."

"நானா?"

"உங்க கார்."

டாக்டர் காருக்கடியில் படுத்தார். ஸ்பேனரை வளையத்தில் மாட்டினார். எடுத்தார். மறுபடி மாட்டினார்.

கால் மணி நேரம் கழித்து முதுகெல்லாம் அழுக்கோடு வெளியே வந்தார்.

"என்னாச்சு?"

"ரெண்டு பேருக்கே இருக்கட்டுங்க."

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அதோடு மாஸ்டர் அடுத்த காருக்குப் போய்விட்டார்.

ஜூனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் இல்லாததுதான் கெடுதல்.

கலாமணி டாக்டரின் மனைவி. ஆறு வருஷமாக இடது பக்கச் சீட்டில் அந்த அம்மாள்தான். அவர் ஓட்டுகிற ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு சுற்றும். கார்கள் வந்து நிற்கும் பிட்டில் அன்றைக்குப் பதினோரு பேர் இருந்தார்கள். எடையைப் பற்றிப் பேச்சு. டாக்டர் திரும்பி, "கலா, நீ எறங்கிக்க. உன்னை எறக்கினாலே அரை செகண்ட் கொறையும்" என்றார்.

பதினோரு பேரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

கலாமணி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். அப்புறம் வரவில்லை. சண்டை இல்லை, சாடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதம் கட்டித் தருவார். கார் எப்படிப் போச்சு என்று மட்டும் கேட்பதில்லை.

பட்டறைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் கலாமணி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"கலா, கார் சுத்துது."

"பிரேக்கு மாத்தினீங்களே."

"மாத்தினேன்."

"டயரு?"

"அதும் மாத்தியாச்சு. இன்னொரு தடவை சுத்தினா இந்த வருசம் அவ்வளவுதான்."

"அறுபத்து நாலு கிலோ எறக்கிப் போட்டுமா சுத்துது?"

டாக்டர் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தார். தப்பாக உரித்தார். கலாமணி வாங்கிச் சரியாக உரித்தார்.

"இடது பக்கம் எடை வேணுமாம். மாஸ்டர் சொல்றாங்க."

"மணல் மூட்டை வெய்யிங்க. அதுவும் அறுபத்து நாலு நிக்கும். வாய் பேசாது."

டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற கெட்டிக்காரர்.

மணல் மூட்டை வைத்தார்.

சீட்டை மறுபடி முடுக்கினார். முப்பத்திரண்டு கிலோவில் இரண்டு மூட்டை கட்டினார். ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைத்து பெல்ட் போட்டார்.

அடுத்த மாதத்து ஞாயிறு. பிட்டில் மாஸ்டர் தராசு வைத்துப் பார்த்தார். மூட்டைகளையும் பார்த்தார்.

"எண்ணு சரியா இருக்கு. போங்க."

போனார். மூன்றாம் வளைவில் பிரேக் பிடித்தார். கார் நூல் பிடித்தது போல் நேராக நின்று திரும்பியது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. ஐந்து சுற்று ஓட்டினார். நேரம் பாதிக்கு மேல் பாக்கி இருக்கும்போதே பிட்டுக்கு வந்துவிட்டார்.

"இழுக்குதா?"

"இல்லீங்க."

"நேரா நிக்குதா?"

"நிக்குதுங்க."

"அப்ப ஏன் வந்துட்டீங்க?"

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நாலு மணிக்கு இன்னொரு தடவை விடுவாங்கல்ல?"

"விடுவாங்க."

"வந்துடறேன்."

நேரே பொள்ளாச்சி. உச்சி வெயில், ஏசி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கார்ச் சத்தம் கேட்டுக் கலாமணி வெளியே வந்தார். இடது பக்க ஜன்னலில் குனிந்து பார்த்தார்.

"இவங்களையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"கலா..."

"பெல்ட்டெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க. நல்ல மரியாதை."

டாக்டர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"சுத்துச்சா?"

"இல்ல. நேரா போச்சு."

"அப்புறம் என்ன? சரியாயிடுச்சே."

"சரியாகல."

"நேரா போச்சுன்னீங்க?"

"போச்சு. மூணாம் வளைவு வந்துது. மெதுவா, மெதுவான்னு யாருமே கத்தல."

"கத்தினா உங்களுக்குப் புடிக்காதே."

"புடிக்காதுன்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்."

கலாமணி மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். தையலில் கொஞ்சம் மணல் கசிந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, கலா."

"எங்க வெச்சுச் சொன்னீங்க?"

"ஏன்?"

"எங்க வெச்சுச் சொன்னீங்கன்னு கேட்டேன். இந்த வாசல்லயா?"

டாக்டர் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

"இல்ல."

"அப்ப இங்க சொல்லாதீங்க."

கலாமணி உள்ளே போய்விட்டார்.

டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார். ஒரு மூட்டையை இறக்கினார். மூச்சு வாங்கியது. இன்னொன்றை இறக்கினார். சீட்டில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டினார். போகவில்லை. துண்டை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தார். தையல் ஓரமெல்லாம் விரல் விட்டுத் துடைத்தார். பல் டாக்டர் விரல்.

நிமிர்ந்தபோது கலாமணி வாசலில் நின்றார். சேலை இல்லை, சுடிதார். காலில் ஷூ.

"சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம். நாலு மணிக்குத்தானே விடுவாங்க?"

முப்பது கிலோமீட்டர். கிணத்துக்கடவு தாண்டும்போது கலாமணி ஜன்னலை முழுக்க இறக்கினார். அவ்வளவுதான்.

பிட்டில் அதே ஆட்கள். பதினோரு பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை. எவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருக்கிறது?

டாக்டர் இறங்கினார். எல்லோருக்கும் எதிரே போய் நின்றார். அவருக்கு மேடைப் பேச்சு வராது.

"ஜூன்ல, இதே எடத்துல, இவளை எறங்கச் சொன்னேன். எடைன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. நானுந்தான் சிரிச்சேன். எனக்கு..."

ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"தப்புங்க. தப்பா சொல்லிட்டேன். கலா, நீ வந்து ஏறணும்."

கலாமணி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கணவரின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. வந்து அதை நிமிர்த்தினார்.

"போதும். வெயில் அடிக்குது. ஏறுங்க."

கார் கிளம்பியது.

பதினோரு பேரும் மூன்றாம் வளைவு தெரிகிற சுவர்ப் பக்கம் போய் நின்றார்கள். இன்னொரு தடவை சுழன்றால் டாக்டருக்கு வருஷம் முடிந்தது. அது எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் மட்டும் போகவில்லை. தராசுகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

சிவப்புக் கார் வந்தது. பிரேக் விளக்கு எரிந்தது.

நேராக நின்றது. திரும்பியது. போயிற்று.

மறுபடி வந்தது. மறுபடி நேராகத்தான்.

கொடி காட்டும்வரை பன்னிரண்டு சுற்று. ஒரு தடவைகூட வால் அசையவில்லை.

பதினோரு பேரில் ஒருவர் மில்காரர். டாக்டரின் காரைப் போல இரண்டு மடங்கு விலைக் கார் வைத்திருப்பவர். அவர் மாஸ்டரிடம் வந்தார்.

"டாக்டர் காருக்கு என்ன பண்ணினீங்க மாஸ்டர்? எனக்கும் அதையே பண்ணி விடுங்க."

"நான் ஒரு வளையமும் திருப்பல."

"சும்மா சொல்லாதீங்க. போன மாசம் பம்பரமாட்டம் சுத்தின கார். டாக்டர் வேற பட்டறைக்குப் போனாரா?"

"போகல."

"அப்ப சரி பண்ணினது யாரு? பேரைச் சொல்லுங்க. நாளைக்கே போய்ப் பார்க்கறேன்."

கார் பிட்டுக்குள் வந்து நின்றது. இடது கதவு முதலில் திறந்தது. மாஸ்டர் உறையின் நாடாவை இழுத்துக் கட்டினார். அந்தப் பக்கம் தாடையால் காட்டினார்.

"கலாமணி."