ஏழிசைநல்லூரில் தூக்கிய கைகள்

இளவெயில் நாட்டில் பள்ளிக்கூடங்களைக் கட்டி மேய்க்க ஒரு சபை இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் தலைவர் தண்டபாணியாரின் மைத்துனர்களும் சம்பந்திகளும். ஒன்பதாவது ஆள் தண்டபாணியாரேதான். மாதம் ஒரு முறை கூடுவார்கள், வடை பாயசத்தோடு சாப்பிடுவார்கள், கல்வி ஓங்குகிறது என்று ஓலை எழுதி அரண்மனைக்கு அனுப்புவார்கள். எந்தப் பள்ளியில் எத்தனை வாத்தியார் என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பள்ளிகளுக்கு நெல் அளக்க அந்தச் சபை ஒரு முறை வைத்திருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் அரசரே வந்து பத்துக் கேள்வி கேட்பார். எத்தனை பிள்ளைகள் கை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். நிறையக் கை தூக்கிய பள்ளிக்கு நெல் இரட்டிப்பு. குறைந்த பள்ளிக்குப் பாதி. மூன்று ஆண்டு தொடர்ந்து குறைந்தால் பூட்டு. நோயாளியின் கஞ்சியைப் பிடுங்கிக் குண்டனுக்குப் பந்தி போடுகிற ஏற்பாடு. அரசவை விகடன் சீராளனுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆண்டு அரசர் குமாரவிசயரோடு அவனும் பார்வையிடப் போனான். காலையில் முள்ளிப்பாறை. பள்ளிக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. அறுபது பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், பெயர் கூத்தபிரான்.

"ஒன்பதையும் ஏழையும் பெருக்கினால் எவ்வளவு?" என்று அரசர் கேட்டார்.

இருபத்திரண்டு கை எழுந்தது. அடுத்த கேள்விக்கு இருபது. பத்துக் கேள்வியும் இப்படியே போயின. தண்டபாணியார் உச்சுக் கொட்டினார்.

"மூன்றாவது ஆண்டும் இதே லட்சணம், மகாராஜா. பூட்டிவிடலாம். இதுகளுக்கெல்லாம் படிப்பு ஏறாது."

கூத்தபிரான் கைகட்டி முன்னால் வந்தார். "தெரிஞ்ச பிள்ளைங்க தூக்கியிருக்கு, சாமி. தெரியாததுங்களுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கணும். மழை பெஞ்சா பாடமே நடக்கறதில்ல. இதையும் பூட்டிட்டா அடுத்த பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தாண்டை. அவ்வளவு தூரம் ஒரு பிள்ளையும் போகாது."

"சாயங்காலம் முடிவு சொல்கிறேன்" என்றார் அரசர். குரலில் ஈரமில்லை.

மத்தியானம் ஏழிசைநல்லூர், தலைவரின் சொந்த ஊர். தோரணம் என்ன, சந்தனம் என்ன, மேளம் என்ன! ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அரசர் கேள்வி கேட்டு முடிக்கவில்லை, ஐம்பத்திரண்டு கையும் மேலே நின்றன. தலைவர் ஒரு பிள்ளையைக் காட்டினார். சரியான விடை. அடுத்ததற்கும் சரியான விடை. பத்துக்குப் பத்து. அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சீராளன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ உறுத்தியது. பிறகு புரிந்தது. அரசவையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவனுக்கு அப்போது வந்தது கோபம்தான்.

"மகாராஜா, இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளை வெறுங்கையோடு விடலாமா? அரண்மனை அதிரசம் ஒரு கூடை வந்திருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். கை தூக்கிய பிள்ளை கையை இறக்க வேண்டாம். தூக்கிய கையிலேயே தாங்கள் ஒன்று வையுங்கள்."

தண்டபாணியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எதற்கு மகாராஜாவுக்குச் சிரமம்? நான் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்."

"அரசர் கையால் வாங்கும் பாக்கியத்தைக் கெடுக்காதீர்கள்" என்றான் சீராளன்.

அரசர் கேட்டார். ஐம்பத்திரண்டு கை. முதல் பையனின் கையில் அதிரசம் வைத்தார். பக்கத்தில் ஒரு சிறுமி. அவள் தூக்கியிருந்தது இடது கை. அரசர் தருவதை இடது கையில் வாங்கினாள் என்று தெரிந்தால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள். வலது கையை நீட்டலாம் என்றால் தலைவர் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் விழித்தாள்.

"வலது கையால் வாங்கிக்கொள், அம்மா" என்றார் அரசர்.

"அது விடை தெரிஞ்சவங்களுக்கு, சாமி. தெரியலைன்னா இந்தக் கையத் தூக்கணும்னு தலைவர் ஐயா சொல்லியிருக்காரு."

அரசர் இரண்டடி பின்னால் வந்து வரிசையைப் பார்த்தார். ஐந்து வலது கை. நாற்பத்தேழு இடது கை. மேளக்காரர்கூடக் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"தாங்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான்..." என்று தலைவர் இழுத்தார்.

"கோபப்படாதீர்கள், மகாராஜா" என்றான் சீராளன். "சபை ஒன்றுமே சொல்லித்தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எது வலது, எது இடது என்பது இங்கே ஒரு பிள்ளைக்கும் தப்பவில்லை. ஓர் ஆண்டு நெல்லுக்கு ஒரு பாடம்."

அரசருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஐம்பத்திரண்டு பேருக்கும் வலது கையிலேயே அதிரசம் கொடுத்தார். கை எண்ணி நெல் அளப்பது இன்றோடு சரி என்றார். "முள்ளிப்பாறையைப் பூட்ட வேண்டாம். இரட்டிப்பு நெல் இனி அங்கே போகட்டும். கூரைக்கு நாளையே ஆள் அனுப்புகிறேன்."

"ஆள் எதற்கு, மகாராஜா?" என்றான் சீராளன். "சபையார் ஒன்பது பேரின் பேரப்பிள்ளைகளும் வீட்டில் பண்டிதர் வைத்துப் படிக்கிறார்கள். அவர்களை நாளை முதல் முள்ளிப்பாறைக்குப் போகச் சொல்லுங்கள், போதும்."

இப்போது அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே கட்டளை போட்டார்.

மறுநாள் பொழுது விடியும்போது தண்டபாணியார் வேட்டியை மடித்துக் கட்டி முள்ளிப்பாறைப் பள்ளியின் உத்தரத்தில் ஏறி நின்றார். மைத்துனர்கள் கீழேயிருந்து ஓடு எடுத்துக் கொடுத்தார்கள்.